முப்பத்து மூன்று டப்பா

படகுக்கு ஒட்டுப் போடுகிறவனிடம்
பாட்டுப் பெட்டி செய்யச் சொல்லி வந்தான் தேசப்பன்.
கால் டாக்ஸி. டிக்கியைத் திறந்தால்
குறுக்கே படுத்திருக்கிறது கேஸ் சிலிண்டர்,
வாடகை தராத சொந்தக்காரன் மாதிரி.
அதற்கும் சக்கரத்து வளைவுக்கும் நடுவில்
எதற்கும் உதவாத ஒரு பொந்து.
"இதுல பன்னெண்டு இஞ்ச் உக்காரணும்ணே.
சவாரிங்க சூட்கேஸும் வெக்கணும்."

சதுரமாக எதுவும் அங்கே நுழையாது.
அட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன்,
மூன்று தடவை பொய் சொன்னது அட்டை.
பிறகு பொந்தையே அச்சாக்கினேன்.
டேப் ஒட்டி, மெழுகு தேய்த்து,
ஃபைபர் மேட்டைக் கையால் கிழித்து
ரெசினில் ஊறவைத்து
குமிழி சாகும்வரை பிரஷ்ஷால் குத்தி.

காசிமேட்டில் பதினோரு வருஷமாகத்
தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறவன்.
இங்கே காற்று வெளியே போகக் கூடாதாம்.
ஓட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கடல்காற்று ஈரமாக இருக்கிறதென்று
ஹார்ட்னர் ஒரு மூடி கூட ஊற்றிவிட்டேன்.
டப்பா சுட்டது, புகைந்தது.
ரீகன் இடுக்கியால் தூக்கி வெளியே வீசினான்.
நூற்றெண்பது ரூபாய் மணலில் கல்லானது.

வாய்க்கு, பதினெட்டு எம்.எம். பலகையில் வளையம் அறுத்து
நான்கு குச்சியில் சாய்த்து நிறுத்தினோம்.
மேலே இழுத்துக் கட்ட
ரீகனுக்குத் தேர்தலில் கிடைத்த டீ-ஷர்ட்.
சின்னம் உள்பக்கம் போகட்டும் என்றான்.
ரெசின் பட்டதும் முரசுத் தோலாக விறைத்தது.

முப்பது லிட்டர் காற்று வேண்டும் என்கிறது
வூஃபரோடு வந்த காகிதம்.
அது உட்கார்ந்தால் அடைக்கிற இடம் ரெண்டரை.
கோணல்மாணலான குகையை
எந்த ஸ்கேல் அளக்கும்?
தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் பக்கத்து இடுக்கு காயாது.
மணல் இங்கே எப்போதும் ஈரம்.

புளோராவிடம் கேட்டேன்.
"ரேஷன் அரிசியா? அதுக்குள்ளயா?"
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
மெத்தை வந்த பாலிதீன் உறையைக் கொண்டுவந்து
அவளே உள்ளே விரித்தாள்.
லிட்டர் பெயிண்ட் டப்பா, புதுசு, கழுவியது.
அவள் எண்ண, நான் கொட்ட,
இருபத்தைந்தில் தீர்ந்தது மூட்டை.
பெட்டி இன்னும் வாயைப் பிளந்திருந்தது.
ரீகன் வீட்டு அரிசி ஏழு.
கடைசி டப்பா மாடிவீட்டில் கடன்.
முப்பத்து மூன்று.

அரை லிட்டர் கூட.
ஒரு மரக்கட்டையை இழைத்து உள்ளே ஒட்டினேன்.
"அரை லிட்டருக்கா இவ்ளோ அக்கப்போர்?"
படகில் அரை லிட்டர் என்றால் இப்படிக் கேட்பாளா.

சோப்பு நுரை பூசி, விரலால் வாயை அடைத்து
சைக்கிள் பம்பால் ஊதிப் பார்த்தோம்.
ஒயர் நுழைகிற துளையில் மட்டும் ஒரு குமிழி,
குழந்தை எச்சில் அளவுக்கு.
அதையும் அடைத்தோம்.
தலையணைப் பஞ்சு கொஞ்சம் திணித்து, திருகை முடுக்கி.

ராத்திரி பதினொன்றரை. எண்ணூர் விரைவு சாலை.
துறைமுகத்துக்கு நிற்கிற கன்டெய்னர் வரிசையின் வாலில்
வண்டியை ஓரம் கட்டினோம்.
தேசப்பன் பட்டனைத் தொட்டான்.
முதலில் காதுக்கு எதுவும் வரவில்லை,
பனியன் நெஞ்சில் ஒட்டி விலகியது.
பிறகுதான் தாளம்.
அதன் பின்னாலேயே ஒரு தகர இளிப்பு:
கிர்ர், கிர்ர்.

பெட்டி விரிந்துவிட்டதா?
மூன்று பேரும் வண்டியைத் தடவினோம்,
ஜுரம் பார்க்கிற மாதிரி.
நம்பர் பிளேட்.
சாலையோரம் கிடந்த ஒற்றை ஹவாய் செருப்பைத்
துண்டு போட்டு இடையில் செருகினேன்.
இளிப்பு நின்றது.

முன்னால் நின்ற லாரியிலிருந்து
லுங்கியை மடித்துக்கொண்டே இறங்கி வந்தார் ஒருவர்,
தூக்கம் கலையாத கண்.
டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.
"இன்னா லோடு?"
"முப்பது லிட்டர் காத்து" என்றான் ரீகன்.
அவர் உள்ளங்கையை வூஃபருக்கு முன்னால் பிடித்து
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
"வரிசை நவுந்தா ஹாரன் அடிங்க" என்று சொல்லிவிட்டு
திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் சோறு ஆறியிருந்தது.
எனக்காக அவளும் சாப்பிடவில்லை.
முதல் கவளம் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு
"ரெசின் வாசனை வருதா?" என்றாள்.
"இல்லையே."
தன் தட்டில்
இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.